ஜெல்லா, லித்தியமா?

எங்கள் மாடிவீட்டு நக்லே ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்த வாசலில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லும், அவர் செய்வார். வீட்டில் மனைவி அடேல் சொல்வாள், அதையும் செய்வார். எங்கள் ஊர் ஜஹ்லே முழுக்கத் தேடினாலும் இப்படியொரு நல்ல மனிதர் கிடைக்கமாட்டார் என்பார்கள். நானும் சொல்வேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

அடேலுக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு, ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு என்றாகிவிட்டது. மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். அரசாங்க மின்சாரத்தை நாங்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தெருவுக்கு மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரன்தான் எங்களுக்குக் கடவுள். டீசல் கட்டுபடியாகவில்லை என்று அந்த வசந்தத்தில் அவன் மத்தியான நேரம் முழுக்க ஜெனரேட்டரை அணைத்துவைக்க ஆரம்பித்தான். அந்த நேரத்தை அடேல் சின்ன சிலிண்டரை வைத்து ஓட்டினாள். சிலிண்டர் கிடைக்காத நாளில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, உதடு நீலமாகி, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சகிக்காது.

மொட்டைமாடியில் சோலார் போட்டு ஒரு பேட்டரி வைத்தால் தீர்ந்தது. கனடாவிலிருக்கும் மகன் எலியாஸ் பணமும் அனுப்பிவிட்டான். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. ஜெல் பேட்டரியா, லித்தியம் பேட்டரியா? நக்லே அதை எங்கள் பெக்கா பள்ளத்தாக்கின் சோலார் குழு ஒன்றில், இணையத்தில், மனைவியின் நிலைமையையும் சொல்லிக் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை.

பதில்கள் வந்தன. லித்தியம் போட்டால் பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றான் ஒருவன். லித்தியம் வீட்டைக் கொளுத்திவிடும், ஜெல்தான் சாது என்றான் அடுத்தவன். ஜெல் ஒரு கோடையைத் தாங்காது என்று மூன்றாமவன் சிரித்தான். ‘பெக்காவின் கழுகு’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், இப்போது வாங்குகிறவன் முட்டாள், இலையுதிர் காலத்தில் விலை இறங்கும், அதற்குத் தன் கழுத்து பொறுப்பு என்று எழுதினான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இவர்களில் ஒருவனாவது அடேலின் உதட்டைப் பார்த்தவன் இல்லை.

அதோடு போயிருந்தால் நாலு நாளில் கேள்வி அடியில் அமுங்கியிருக்கும். ஆனால் நல்வார்த்தை சொன்னவனுக்கு மறுவார்த்தை சொல்லாமல் போவது எங்கள் ஊரில் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. நக்லே ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லி, ‘உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்’ என்று ஒற்றை விரலால் தட்டிப் பதில் போட்டார். பதில் விழ விழக் கேள்வி குழுவின் உச்சிக்கு ஏறும். ஏறினால் புதிதாக நாலு பேர் கண்ணில் படும். அவர்களுக்கும் அபிப்பிராயம் இருக்கும்.

"பதில் போடுறதை நிறுத்துங்க அபு எலியாஸ், நீங்களே அதைத் தண்ணி ஊத்தி வளக்குறீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எலியாஸின் அப்பா என்பதால் அவர் அபு எலியாஸ், ரபீயின் அம்மா என்பதால் நான் உம் ரபீ; எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எனக்காக உக்காந்து எழுதியிருக்காங்க உம் ரபீ. வாயே திறக்காம இருந்தா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

ஜெல்லுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் யாரோ ஓர் இன்ஜினியர் எழுதியதைப் படித்துவிட்டு ஓடிப்போய்த் திரும்ப வாங்கினார். லித்தியத்துக்குச் சொன்னார், அதையும் வேண்டாமென்றார். முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் மாமா என்று கடைக்காரன் மரியாதையாகக் கதவைக் காட்டினான். நக்லே படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். தப்பானதை வாங்கி, நடுவில் அது நின்று, அதனால் அடேலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. கோபத்தோடு போன நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அடேல் ஒரே ஒரு தடவைதான் இதைப் பற்றிப் பேசினாள். "ஏதாவது ஒண்ண வாங்கு. கெட்டுப்போனா போகட்டும், நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

கொஞ்சம் பொறு என்றார் அவர்.

ஜூனியேவில் இருக்கும் அவள் தங்கை ஜமீலே அவரைப் போல் பொறுக்கவில்லை. ஒரு நாள் காரோடு வந்து அக்காவையும் மெஷினையும் மத்தியானமும் மின்சாரம் இருக்கும் தன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஒரே வாரத்தில் பேட்டரி வாங்கிவிட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்று நக்லே கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடேல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

நிஜமாகவே வாங்கினார். கடையில் அன்றைக்கு லித்தியம் இருந்தது, அதையே எடுத்தார். மாடியில் தகடுகள் ஏறின. மத்தியானம் தெருவே செத்துக் கிடக்க, அவர் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அவளுக்குச் சொல்லத்தான் போனை எடுத்தார். எடுத்தது ஜமீலே. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், காப்பாற்ற முடியவில்லை என்றாள்.

துக்கமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து, காப்பிக் கெண்டியோடு மேலே போயிருந்தேன். போன் சத்தமிட்டது. பழைய கேள்விக்கு அடியில் புதிதாக ஒரு பெண், மைஸா என்று பெயர்.

"மாமா, எங்கப்பாவுக்கும் இதே மெஷின்தான். கடைசியில நீங்க எதை வாங்கினீங்க?"

நக்லே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் தட்டினார்.

"எது கிடைக்குதோ அதை வாங்கு மகளே. இன்னிக்கே வாங்கு. யாரையும் கேக்காதே."

அவர் ஆயுளில் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் காப்பியை முடிப்பதற்குள் கழுகு வந்து இறங்கிவிட்டது. அவசரப்படாதே தங்கச்சி, விலை இறங்கும் என்றது. லித்தியக்காரன் வந்தான், ஜெல்காரன் வந்தான். என் மனைவி இறந்துவிட்டாள் என்று நக்லே எழுதினார். வரிசையாக எல்லோரும் அவள் ஆன்மா சாந்தியடையட்டும் என்றார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணே எழுதினாள்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு மூணு பேர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்."

நக்லே எழுந்து நின்றுவிட்டார். பேருந்துச் சாவி கையில் இருந்திருந்தால் அப்போதே கிளம்பியிருப்பார்.

"இந்தப் பொண்ணு எந்த ஊருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது உம் ரபீ?"

போனை வாங்கிப் பார்த்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஊர் எதுவும் இல்லை, ஒரு ரோஜாப்பூ படம்தான் இருந்தது.