பாக்கெட்டில் நாலு எலுமிச்சம்பழம்

கரையான்சாவடியில் ஒரு வருஷமே ஆன டர்போ கார் விலைக்கு இருக்கிறது, ஓடியது ஐயாயிரம் கிலோமீட்டர்தான் என்று கேள்விப்பட்டு, மெக்கானிக் நண்பர் காதர் பாயுடன் போனேன். விலை பேசத்தான் போனோம். ஆனால் சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழத்தையும் சட்டைப் பையில் கொண்டுபோன அதிபுத்திசாலி நான்.

புடைத்த பையைப் பார்த்ததுமே கார்க்காரத் தம்பிக்கு நான் வாங்காமல் போகமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. "பதினோரு லட்சம், ஒரு பைசா கொறையாதுண்ணே" என்றார். என் பத்து வருஷச் சேமிப்பு அது. நானோ ஸ்டியரிங்கைத் தடவியபடி தலையாட்டிவிட்டேன்!

இறங்கும்போது ஒரு பழம் விழுந்து காருக்கடியில் உருண்டது. எடுக்கக் குனிந்த பாய் எழுந்திருக்கவே இல்லை. டயர் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும் எண் அதன் ஓரத்திலேயே இருக்குமாம், அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, காருக்கு ஒரு வயசு, டயருக்கு மூணு மாசமா? ஐயாயிரத்துல டயர் தேயுதுன்னா, ரேஸ் உட்டியா?"

தம்பி தலையைச் சொறிந்தார். "ஆமா பாய், கொஞ்சம் ஆட்டம் போட்டேன். இப்ப கொழந்த பொறந்துகீது, பயமா கீது. அதான் விக்கிறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. என் பிள்ளை பிறந்தபோது அந்தப் பயம் நானும் பட்டதுதான். ரேஸ் விட்ட வண்டி என்பதற்கும், கிளட்ச், பிரேக் மாற்றும் செலவுக்கும் கழித்து, ஒன்பதரை லட்சத்துக்குப் பேசி முடித்தார் பாய்.

இப்போது யாருக்காகப் பழைய கார் பார்க்கப் போனாலும், முதலில் டயரோரம் குத்தவைத்து எண்ணைப் படிக்கிறேன். சீட்டில் உட்காருவது அப்புறம்தான். பழம் வாங்குவது விலை முடிந்த பிறகு.

பாய்தான் விடுவதில்லை: "ஒரு பழமாவது எடுத்துகினு வா மாமே. உன் கண்ணவிட அது நல்லா பாக்குது!"