அசிங்கப் பயல்

நர்ஸ் படிப்பு முடித்து, பல்கேரியாவில் எங்கள் ஸ்தாரா ஸகோரா ஊர் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த திஹோமிரா, கண் பிரிவுதான் வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். அங்கே யாரும் சாக மாட்டார்கள். சொட்டு மருந்து விட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கலாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பயிற்சியின்போது ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டார். அந்தப் பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

தலைமை நர்ஸ் தோன்கா லேசில் விடுகிற ஆளா? "குறைமாசக் குழந்தைங்க பிரிவுல ஆள் இல்லாம தவிக்கிறோம். ஒரு நாள் போய்ப் பாரு. சாயங்காலம் எதுன்னு வந்து சொல்லு. சொன்னா சொன்னதுதான், அப்புறம் மாத்த மாட்டேன்" என்று அனுப்பிவிட்டாள்.

முதல் கண்ணாடிப் பெட்டியில் ரோசித்சா என்பவளின் மகன் கிடந்தான். முக்கால் கிலோ ரொட்டி ஒன்றின் எடைதான் இருப்பான். அந்த விரல்களிலும் நகம் இருந்தது. அம்மாடி, இத்தனூண்டு உடம்புக்குள் எல்லாமே இருக்கிறதே என்று திஹோமிரா வாயடைத்துப் போனாள். வாயடைத்தே இருந்திருக்கலாம்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கான்!"

எங்கள் ஊரில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது? பச்சைக் குழந்தையை முகத்துக்கு நேரே யாராவது அழகு என்பார்களா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் ரோசித்சாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிரிவு நர்ஸ் ஸ்நெஜா முகமூடிக்குள்ளேயே "தூ, தூ, தூ" என்றாள். "கண்ணு பட்டுடும்டி! அசிங்கம்னு சொல்லு!"

சொல்வதற்குள் எச்சரிக்கை மணி அலறியது. பையனின் மார்பு அசையவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஸ்நெஜாவின் இரண்டு கைகளும் அடுத்த பெட்டிக்குள் ஒரு குழந்தைக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தன.

"மூச்சு விட மறந்துட்டான். குறைமாசத்துல பொறந்ததுங்க அப்படித்தான். உள்ளங்காலைத் தேய்!"

"அக்கா, நானா?"

"பின்ன எங்க ஆத்தாவா? கையை உள்ள விடுடி!"

கையை விட்டு ஒரு விரலால் தேய்த்தாள். பாதம் அவள் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அழுதுகொண்டே திட்டினாள்: "அசிங்கப் பயலே, குரங்கு மூஞ்சி, உன்னைக் கோழி கொத்த! மூச்சு விடுடா!"

ஒரு விக்கல். மார்பு எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. உதடு சிவந்தது. மணி ஓய்ந்தது.

திஹோமிராவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு விரல் தொட்டதற்கா திரும்பி வந்தது? அன்று கிழவரை விட்டுப் போனதும் இதே மூச்சுதானே! பயம் தீரவில்லை. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

"தங்கச்சி, எப்படி இருக்கான்?" என்று கேட்டாள் ரோசித்சா.

ராஜா மாதிரி இருக்கிறான் என்று நாக்கு நுனிவரை வந்ததைத் திஹோமிரா விழுங்கிக்கொண்டாள். "சகிக்கல அக்கா. இப்படி ஒரு அவலட்சணத்தை நான் பாத்ததே இல்ல."

ரோசித்சா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் தோன்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ன, கண் பிரிவுதானே?"

"அங்க நான் போயிட்டா, அந்த அசிங்கப் பயலை யாரு திட்டுவாங்க?" என்றாள் திஹோமிரா.