சேற்றைத் தட்டும் கை

வெள்ளகோவிலில் பஸ் மாற இறங்கியவன், விசில் சத்தம் கேட்டு மைதானத்துக்குள் வருகிறேன். சேற்று மல்யுத்தம் நடக்கிறது. கீழே கிடப்பவரின் வலக்கையை மற்றவர் முதுகுப் பக்கமாக முறுக்குகிறார்.

"கீழ கெடக்கறது எங்க கம்பெனி டெய்லருங்க," என்கிறார் பக்கத்தில் நிற்பவர்.

டெய்லர் இடக்கையால் தரையைத் தட்டுகிறார். தோற்றுவிட்டேன், விடு என்று அர்த்தம். தட்டத் தட்டச் சேறு தெறித்து எல்லோர் மேலும் விழுகிறது. ஒரே சிரிப்பு. நடுவரும் முகத்தைத் துடைத்தபடி சிரிக்கிறார்.

"விடச் சொல்லித் தட்டறாருங்க," என்கிறேன். எனக்குக் கத்திப் பேச வராது.

"அட, சேத்த அடிச்சு வெளையாடறானுங்க. பயப்படாதீங்க!"

தட்டுவது நிற்கிறது. நாளைக்கு மிஷினில் துணி தள்ள வேண்டிய வலக்கை, தோளோடு ஒட்டாமல் திரும்பிக் கிடக்கிறது.

"இன்னொருக்கா அடிடா, டெய்லரு!" என்று பக்கத்தில் நிற்பவர் கத்துகிறார்.