ஒரு நிமிடம் ஐம்பது விநாடி: நனைந்த தீக்குச்சிகளோடு ரொறொன்ரோவுக்கு

1996 மார்ச், சனிக்கிழமை, காலை எட்டு மணி. மொன்றியலிலிருந்து ரொறொன்ரோவுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் போகவர அறுபத்தெட்டு டொலர். என் பையில் இரண்டு நாள் உடுப்பு, ரொட்டியும் சம்பலும், பதினான்கு கசெற்றுகள். ரொறொன்ரோவின் கோபுரத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் அழகாக எழுதப் பலர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். நான் அந்த நகரத்துக்குப் போனது ஒரு பாட்டைக் கேட்கச் செய்வதற்காக. திரும்பி வந்தபோது இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் கசெற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். சிட்னிக்குத் தெற்கே ஒரு சிறிய கடலோர ஊரில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் பங்க் இசைக்குழு அது. பெயர் வெற் மற்ச்சஸ், அதாவது நனைந்த தீக்குச்சிகள். மூன்று பெண்கள், மேளம் அடிக்க ஓர் ஆண். பங்க் என்றால் சங்கீதம் படித்தவர்களுக்காகக் காத்திராத இசை. கிற்றாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மீதியைக் கோபம் பார்த்துக்கொள்ளும். இவர்களுக்குப் பின்னால் எந்தக் கம்பனியும் இல்லை. ஒரு கார்க் கொட்டகையில் பாடிப் பதிவுசெய்து, தாங்களே பிரதியெடுத்து, தாங்களே தபாலில் அனுப்புகிறார்கள். எங்கள் பல்கலைக்கழக வானொலிக்கு வந்த கசெற் ஒன்றின் உறையில் விலாசம் இருந்தது. எழுதினேன். பாடகி டெப் ஆறு பக்கத்தில் பதில் எழுதி, உன் ஆட்களுக்குக் கொடு என்று பதினான்கு கசெற்றுகளையும் அனுப்பிவைத்தாள்.

டெப் மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே கழிவறைக்குப் போய்வர ஏழு நிமிடம் கொடுப்பார்கள். அதைப் பற்றிய பாட்டுத்தான் 'ஏழு நிமிடம்'. நீளம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. முதல் பாதியில் மேற்பார்வையாளர் பேசுவதுபோல, உணர்ச்சியே இல்லாத குரலில் அவள் சட்டங்களை வாசிக்கிறாள். இரண்டாம் பாதியில் அந்தத் தொழிலாளிப் பெண் வாய் திறக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அம்மா இலங்கையில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், பெயர் எழுதத் தெரியாது. மொன்றியலில் அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் கழிவறைப் பூட்டின் திறப்பு ஒரு பெரிய மரக்கரண்டியில் கட்டப்பட்டு மேற்பார்வையாளரின் மேசையில் கிடக்கும். போகிறவள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். டெப்பின் பாட்டை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை. பஸ்ஸால் இறங்கி நேரே குவீன் வீதியில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, மூக்கில் வளையம் போட்ட வெள்ளைக்காரப் பையன், "உலக இசை பின்பக்கம்" என்று கை காட்டினான். கசெற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உங்கள் நாட்டுக் குழுவா?"

"அவுஸ்திரேலியாக் குழு."

"நீ இதைக் கேட்பாயா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்தான். அதுதான் இன்னும் எரிச்சல். விற்றுப் பார்க்கிறேன் என்று இரண்டு கசெற்றுகளை வாங்கி, என் கண் முன்னாலேயே கொண்டுபோய்ச் சித்தாருக்குப் பக்கத்தில் வைத்தான். நான் அவற்றை எடுத்துவந்து, பங்க் தட்டில் அவற்றுக்குரிய எழுத்தின் கீழே நானே அடுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு டொலர் கொடுத்து ஸ்ட்ரீட்கார் என்னும் ட்ராமில் பார்க்டேல். பவானி அக்கா அங்கே பதினோராம் மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணிநேரம் ஒலிபரப்பாகும் தமிழ் நிகழ்ச்சியில் தொலைபேசி எடுப்பவர். எனக்கு அதில் பத்து நிமிடம் கேட்டு வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"என்ன பிள்ளை, உந்த மூஞ்சையோட வாறாய்?" என்றார். கடைக் கதையைச் சொன்னேன். "அவன் வெள்ளை, அவனுக்கு என்ன தெரியும்? நாளைக்கு எங்கட ஆக்கள் கேக்கட்டும்." பாட்டை அப்போதே போட்டுக் காட்டவா என்றதற்கு, "வேண்டாம். இப்பவே கேட்டால் நாளைக்கு என்ன புதினம்?" என்று அடுப்பிலிருந்து புட்டை இறக்கினார்.

ஞாயிறு, காலை ஒன்பதே முக்கால். நிலையம் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. நிகழ்ச்சியை நடத்துபவர் சிவநேசன் அண்ணை, ஐம்பது வயதிருக்கும். வார நாட்களில் ஆயுள் காப்புறுதி விற்கிறார்.

"நீர்தானோ அந்தப் பிள்ளை? எந்த ஊர்?"

"மொன்றியல்."

"அதில்லை. ஊரில எந்த இடம்?"

"ஹற்றன் பக்கம். எஸ்டேட்."

"ஓ..." என்று இழுத்தார். "படிச்சனீரோ?"

"யூனிவர்சிட்டில கடைசி வருஷம்."

"பரவாயில்லையே!"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். என் தாய் குனிந்து நிமிர்ந்த அத்தனை வருடங்களுக்கும் ஒரு 'பரவாயில்லையே'. பாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் குறிப்பை எடுத்து வாசித்தார். முகம் மாறியது.

"உது என்ன, கக்கூஸ் பாட்டோ?"

"வேலைப் பாட்டு."

"பிள்ளை, பத்தரைக்கு ஒரு செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அறிவித்தல் இருக்கு. அதுக்குப் பக்கத்தில கக்கூஸ் பாட்டுப் போடேலுமோ?"

"அப்ப பத்து இருபதுக்குப் போடுங்க."

"பத்து இருபதுக்கு ஒரு குழந்தையின்ர முதலாவது பிறந்தநாள்."

தொலைபேசிப் பக்கமிருந்து பவானி அக்கா, "ஏன் அண்ணை, அந்தக் குழந்தை மூத்திரம் பெய்யாதோ?" என்றார். ஒலிபரப்பு இயந்திரத்தை இயக்கிய மாணவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். சிவநேசன் அண்ணை சிரிக்கவில்லை. பத்து நிமிடம் நான்காகக் குறைந்தது. எனக்கு ஒதுக்கிய நேரம் பத்து நாற்பத்தொன்று.

ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசினேன். யார் இந்த நான்கு பேர், ஏன் கம்பனிக்குப் போகவில்லை, பாட்டு எதைப் பற்றியது, எல்லாம் சொன்னேன். கசெற் ஓடியது. சட்டங்கள் வாசிக்கும் அந்தக் குரல் வந்தது. ஐம்பத்தைந்தாவது விநாடியில், டெப் மூச்சை இழுத்துக் கத்தப் போகிற அந்த இடத்தில், சிவநேசன் அண்ணையின் விரல் ஒலியைக் குறைக்கும் பொத்தானைக் கீழே இழுத்தது. சேலைக்கடை விளம்பரம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினார்.

ரொறொன்ரோத் தமிழர்கள் கேட்டது மேற்பார்வையாளரை மட்டும்தான். அந்தப் பெண் இன்னும் வாயே திறக்கவில்லை.

முதல் தொலைபேசி உடனே வந்தது. பவானி அக்கா கேட்டுவிட்டு, தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மார்க்கம் நகரிலயிருந்து ஒரு அங்கிள். நல்ல ஒழுக்கமான பாட்டாம். எங்கட பிள்ளையளுக்கும் உப்பிடி ஒழுங்கு வேணுமாம்."

விளம்பரம் முடிந்ததும், "மிச்சத்தைப் போடுங்க" என்றேன்.

"எந்தப் பாட்டும் நாங்கள் முழுசாப் போடுறேல்லை, தங்கச்சி. போட்டால் ஆருடைய பேரையும் வாசிக்கேலாது. சனம் காத்துக்கொண்டிருக்கு."

"இது ரெண்டு நிமிஷம்கூட இல்லைங்க."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அரைவாசி போட்டாச்சே. உதுக்கு மேல எங்கட ஆக்களுக்கு விளங்கவும் மாட்டுது."

எங்கட ஆக்களுக்கு விளங்காது. ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று நினைத்தாரா, கழிவறைக்கே போகாதவர்கள் என்று நினைத்தாரா? கேட்பதற்குள் என்னை வெளியே விட்டுக் கதவை மூடிவிட்டார்கள். உள்ளே ஒரு பிறந்தநாளுக்கு யாரோ பூவே பொன்னே என்று வாழ்த்திக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, பிற்பகல் ஒன்று இருபது. பவானி அக்காவுக்கு இரண்டு மணிக்கு வேலை. ரெக்ஸ்டேலில், விமானங்களுக்கான சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்கும் தொழிற்சாலை. பார்க்டேல் சந்தியிலிருந்து ஒரு வான் வண்டி பெண்களை ஏற்றிப்போகும்.

"வா, வானில கசெற் போடுற பெட்டி இருக்கு" என்றார்.

பதினொரு பெண்கள் இருந்தார்கள். என்னை முன்னால் ஏற்றிவிட்டார்கள். வானோட்டி குமார் அண்ணை கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வானில பக்திப் பாட்டு மட்டும்தான், பிள்ளை."

"போன கிழமை போட்டியளே டிஸ்கோ, அது எந்தக் கோயில்ல பாடினது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வான் முழுக்கச் சிரித்தது. குமார் அண்ணை கசெற்றை உள்ளே தள்ளினார்.

நெடுஞ்சாலை இரைச்சலில் அந்த வறண்ட குரல் வந்தது. நான் பின்பக்கம் திரும்பி முழந்தாளிட்டு, வரி வரியாகத் தமிழில் கத்தினேன். பிறகு இரண்டாம் பாதி. சிலர் காதைப் பொத்தினார்கள். கையுறை கழற்ற இரண்டு நிமிடம், ஓடைபோல நீண்ட வழியில் நடக்க இரண்டு, வரிசையில் நிற்க மூன்று, கதவைத் திறந்தபோது என் நேரம் முடிந்தது, ஆனாலும் நான் உட்கார்ந்தேன், எட்டாவது நிமிடமும் ஒன்பதாவது நிமிடமும் உட்கார்ந்திருந்தேன் என்று டெப் கத்துகிறாள். அதோடு கிற்றார் சட்டென்று நின்றுவிடும்.

"தலையிடி" என்றாள் ஒருத்தி.

செல்வி அன்ரி, அந்த வானிலேயே வயதில் மூத்தவர், கேட்டார்: "ஏழு நிமிஷமோ குடுக்கிறவை?"

"ஓம்."

"குடுத்து வைச்சவளவை. எங்களுக்கு ஐஞ்சு."

"அதுக்குள்ள தொப்பியும் கழட்டோணும்" என்றாள் தலையிடிக்காரி.

"பிறகு உவளுக்கு என்ன நடந்தது? வேலை போச்சுதோ?" என்றார் செல்வி அன்ரி.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "போச்சு. அதுக்கப்புறம்தான் பாட்டு எழுதினா."

"அப்ப கத்தி என்ன பலன்?"

பல்கலைக்கழகத்தில் படித்தது ஒன்றும் உதவிக்கு வரவில்லை. வான் இரண்டு சந்திகளைக் கடந்தது.

"நல்ல கேள்விதான்" என்றார் செல்வி அன்ரியே. "குமார், திருப்பிப் போடும். இந்த முறை அந்த மேற்பார்வையாளன்ர கதை வேண்டாம். அவள்ர கதையிலயிருந்து போடும்."

பாட்டின் நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் குமார் அண்ணை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் முதலிலிருந்தே போட்டார். வான் தொழிற்சாலை முற்றத்துக்குள் திரும்பியபோது நேரம் ஒன்று ஐம்பத்தொன்பது. வாசலில் ஓர் ஆள் தாள் சொருகிய பலகையோடு நின்றான். இந்த நகரத்தில் இரண்டாவது தடவையாக டெப் மூச்சை இழுத்த இடத்திலேயே வெட்டுப்படப்போகிறாள் என்று நினைத்தேன். குமார் அண்ணை பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"முடியட்டும்" என்றார் செல்வி அன்ரி.

ஒருவரும் எழும்பவில்லை. தலையிடிக்காரியும்தான். வாசலில் நின்றவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பதினொரு பெண்கள் கண்ணாடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக்கொண்டு, எட்டாவது நிமிடத்தையும் ஒன்பதாவது நிமிடத்தையும் முழுக்கக் கேட்டார்கள். கிற்றார் நின்ற பிறகுதான் கதவு திறந்தது. அவன் பிந்தியவர்கள் என்று ஒவ்வொருவர் பெயராகப் பலகையில் குறித்தான். பவானி அக்கா உள்ளே போகும்போது மட்டும் திரும்பி, "ஒரு கசெற்றை வானிலயே விட்டிட்டுப் போ" என்றார்.

மூன்றை விட்டுவிட்டு வந்தேன். மொன்றியலுக்கு நான்கரை மணி பஸ்ஸில் கிங்ஸ்ரன் தாண்டும்வரை மழை பெய்தது.

மொன்றியலில் எனக்கு வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஒலிபரப்பு இருக்கிறது. எந்தப் பாட்டையும் ஒருவரும் இடையில் நிறுத்துவதில்லை. அங்கே 'ஏழு நிமிடம்' ஐந்து தடவை ஒலித்திருக்கிறது. கேட்ட மாணவர்கள் அருமை என்று கடிதம் எழுதுகிறார்கள், கிற்றாரின் தொனியைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் பாட்டைக் கேட்பதற்காக வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தியதில்லை.