வீட்டோடு மாப்பிள்ளையும் தேய்ந்த கேம்ஷாஃப்டும்

அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். மாமனார் கூப்பிட்டால் நியாயம், மாமியார் கூப்பிட்டாலும் சரி. பெயின்ட் விற்க வருகிறவர், தபால்காரர், படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற பணக்காரர்கள், நான், எல்லோருக்குமா ஒரு மனிதர் மாப்பிள்ளை? பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. வங்கியில் மட்டும் அது புழக்கத்தில் இருக்கிறது.

நான் பக்கத்துப் பட்டறை. வேகப் படகுகளின் இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைப்பது என் பிழைப்பு. எங்கள் இரண்டு பட்டறைகளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் ஊசி தவறும்.

கல்யாணமான புதிதில், வேலை கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் அவர். பட்டறை கீழே, வீடு மேலே, நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. வந்தவர் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். கை சும்மா இருக்காமல் கீழே வந்து ஓர் எஞ்சினைத் திறந்தார். அது நன்றாக ஓடித் தொலைத்தது. அத்தோடு மாட்டிக்கொண்டார். இப்போது அவருடைய மகளே பள்ளிக்கூடம் போகிறாள். சாப்பிட உட்கார்ந்தாலும் மாமனார் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார். புருஷன் பெண்டாட்டி சண்டை போடவும் அந்த வீட்டில் வழியில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "என்னம்மா ஆச்சு?" என்று மாமியார் கதவைத் தட்டுவார்.

மாமனார் கெட்டவரா என்றால் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ வசதி. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவர் கண்ணைக் கூட மூடமாட்டார். தனியாகப் போகிற பேச்சை எடுத்தால் மட்டும், "இந்த எஞ்சின் முடியட்டும் மாப்ள" என்பார். படகுப் பட்டறையில் எஞ்சின் என்றைக்கு முடிந்திருக்கிறது?

இந்த முறை ஒரு நல்ல இடம் வந்தது. வேறொரு துறைமுகத்தில் பயணிகள் படகுக் கம்பெனி, மெக்கானிக் வேலை, கூடவே குடியிருக்க வீடு. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மனைவியிடம் கேட்டார். அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா வாயால போயிட்டு வாங்கன்னு சொல்லட்டும், மறு நிமிஷம் கிளம்பிடறேன். அவரை அழ வெச்சுட்டு வரமாட்டேன்."

அந்த வாரம் பார்த்து மச்சானின், அதாவது மாமனார் மகனின், பந்தயப் படகு படுத்துக்கொண்டது. மச்சானுக்குப் படகை ஓட்டத் தெரியும், உடைக்கத் தெரியும், மற்றதெல்லாம் மாப்பிள்ளை பாடு. வேகம் ஏற மறுத்தது, எஞ்சின் கார்புரேட்டர் வழியாக இருமியது. மாப்பிள்ளை மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு வால்வு பாதிதான் திறந்தது. கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கேம்ஷாஃப்ட் என்பது ஒரு நீளத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு மேடும் டேப்பட் என்கிற ஒரு சின்ன இரும்புத் துண்டைத் தள்ளும், அது வால்வைத் திறக்கும். மேடும் டேப்பட்டும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பழகிவிடும். அதனால் தண்டை மாற்றினால் டேப்பட்டையும் மாற்ற வேண்டும். பழைய டேப்பட்டைப் புதுத் தண்டில் போட்டால் மேடுகளை அரைத்துத் தள்ளிவிடும். இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

செயின் பிளாக்கில், அதாவது சங்கிலிக் கப்பியில், எஞ்சினைத் தூக்கி, பழைய தண்டை உருவி, புதியதை மசகு தடவிச் செருகும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு டீ குடிக்க என் பக்கம் வந்தார்.

"அண்ணே, பழைய டேப்பட்டையே போடப் போறேன்."

எனக்கு டீ புரையேறியது. "விளையாடறீங்களா?"

"நல்லா வேலை செஞ்சுதான மாட்டிக்கிட்டேன்? ஒரு தடவை கெடுத்துப் பார்க்கறேன். பந்தயத்துல மகன் படகு படுத்துச்சுன்னா, அந்தக் கோபத்துலயாவது போய்யான்னு சொல்லுவாரில்ல?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. கூண்டில் இருக்கிற கிளி கம்பியைக் கடித்துப் பார்க்குமே, அந்த முகம்.

எஞ்சின் படகுக்குள் இறங்கியது. குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் கொடுத்து முதல் ஓட்டத்துக்குத் தயாரானார்கள். புதுத் தண்டுக்கு முதல் ஓட்டம்தான் உயிர். மெதுவாக ஓட விடக் கூடாது, நல்ல வேகத்தில் அரை மணி நேரம் பிடித்து ஓட்டினால்தான் எண்ணெய் எல்லா மேட்டிலும் படும். நான் படகின் முன்பக்கம் குந்தி இருக்கைக்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் போனில் வீடியோ எடுத்தான். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

எஞ்சின் கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது. மாப்பிள்ளை வேகத்தைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், நகத்தால் தட்டுவதுபோல் டிக் டிக் என்று வந்தது. எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காமலா? எதுவும் செய்யாமல் நின்றால் போதும், நினைத்தது நடந்துவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கை கேட்கவில்லை. சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

"என்ன மச்சான், ஏன் நிறுத்தினீங்க?" என்றான் பந்தய வீரன்.

"தப்பு பண்ணிட்டேன். பழைய டேப்பட்டைப் போட்டுட்டேன்."

திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். மாப்பிள்ளையும் ஆசையோடு காத்திருந்தார். மாமனாரோ மகனைப் பார்த்து, "தப்புன்னு தெரிஞ்சதும் நிறுத்தினாரு பாரு, கத்துக்கோ. போய்ப் புது ஆயில் வாங்கிட்டு வா, இருக்கற ஆயில்ல இரும்புத்தூள் கலந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையின் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "மாமா, மறந்துபோய்ப் போடல. வேணும்னேதான் போட்டேன்."

"தெரியும்" என்றார் மாமனார். "புது டேப்பட் பெட்டி பிரிக்காம அலமாரியில இருக்கறதை அப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"நீங்க நிறுத்தறீங்களா இல்லையான்னு பார்த்தேன். என் காலத்துல நான் நிறுத்தல." படகின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். "இது உங்க மாமியாரோட அப்பா பட்டறை மாப்ள. நானும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தவன்தான். எனக்கும் வெளியில ஒரு வேலை வந்துச்சு. இதே மாதிரி பழசைப் போட்டு அரை மணி நேரமும் ஓட விட்டேன். மேடெல்லாம் அரைஞ்சு தண்டு மழுமழுன்னு ஆயிடுச்சு. என் மாமனார் ஒரு வார்த்தை திட்டல. தோள்ல கையைப் போட்டு, அடுத்த எஞ்சின்கிட்ட கூட்டிட்டுப் போனார்."

இத்தனை வருடப் பக்கத்துப் பட்டறைக்காரன் எனக்கே இது புதுச் செய்தி. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்போ என் அவஸ்தை உங்களுக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. "தெரிஞ்சும் ஏன் மாமா என்னை விடமாட்டேங்கறீங்க?"

மாமனார் பதிலைத் தேடவில்லை. ரொம்ப நாளாகக் கையிலேயே வைத்திருந்ததுபோல் சொன்னார்.

"நீங்க போயிட்டா, இங்க நான் மட்டும்தான இருக்கணும்."

திட்டியிருந்தால் மாப்பிள்ளை திருப்பித் திட்டியிருப்பார். கெஞ்சியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பியிருப்பார். இதற்கு அவர் எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. மறுபடியும் எஞ்சினைப் பிரித்து, தண்டுக்கு இன்னும் சேதமில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பழைய டேப்பட்டுகளை எடுத்து வெளியே போட்டார். கிழவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, புது டேப்பட் ஒவ்வொன்றாக மசகு தடவி அவர் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்து, என் போனை வாங்கி, அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு, என் தையல் மெஷினில் ஒரு போல்ட் லூசாக இருக்கிறது என்று ஸ்பேனர் கேட்டார். மாட்டிக்கொள்ள ஒரு பட்டறை போதாதா? நான் கொடுக்கவில்லை.