நோர்வேக்காரரின் மகன் மரியதாஸ்

மரியதாஸ் அண்ணை காலமான செய்தி, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கிடைத்தது. நகரத்துக்கு வெளியே, கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சரிந்திருக்கிறார். செய்தி சொன்னவர் அத்தோடு நிறுத்தவில்லை. "நோர்வே கிடைச்சிருந்தால் இப்பிடிச் சாக வேண்டி வந்திராது," என்றார். அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணையின் தகப்பன் நோர்வேக்காரர். ஊரில் எங்கள் கடற்கரைக்கு மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் பூட்ட வந்தவர். தாயை மணம் முடிக்காமலே திரும்பிப் போனவர். அண்ணைக்கு அவருடைய சாம்பல் நிறக் கண்கள். புலம்பெயர்ந்து வந்த புதிதில், நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஏழு பேர் ஒன்றாக இருந்த வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை எழுத இப்போது கை கூசுகிறது. அன்று வாய் கூசவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தகப்பன் நோர்வேக்காரர் என்றால் பிள்ளைக்கும் அந்தக் குடியுரிமை உண்டு என்று யாரோ சொல்ல, அவர் விண்ணப்பித்தார். அன்றைக்குத்தான் அவர் எங்களுக்கு 'அண்ணை' ஆனார். யன்னலோரக் கட்டில் அவருக்கு, முதல் தேநீர் அவருக்கு. நான் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரிலிருந்த என் தங்கையை அவருக்குக் கலியாணம் பேசினேன். வெட்கத்தோடு அவளுடைய படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

பல மாதம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். இவர் தன் மகன்தான் என்று தகப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் பிறந்தபோது பெற்றோர் மணம் முடித்திருக்கவில்லை. ஆகவே குடியுரிமை இல்லை. அண்ணை, தகப்பன் எழுதியதை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"அம்மா பொய் சொல்லேல்லை, தம்பி. எனக்கு அது காணும்."

எங்களுக்கு அது போதவில்லை. ஒரு கிழமைக்குள் பழைய பட்டப்பெயர் திரும்பி வந்தது. கட்டில் கைமாறியது. தங்கைக்குக் கனடாவில் சம்பந்தம் சரிவந்துவிட்டது என்று பொய் சொல்லி, நான் படத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"ஓம், பிள்ளை நல்லா இருக்கட்டும்," என்று கசங்காமல் எடுத்துத் தந்தார். அடுத்த மாதமே வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

நேற்று அடக்கத்தில் அதே ஆட்கள் பெட்டி தூக்க முண்டியடித்தார்கள். ஒருவர் அவரைப் பெரிய இடத்துப் பிள்ளை என்று புகழ்ந்து பேசினார். பெட்டியின் முன்பக்கம் என் தோளில் இருந்தது. மற்றவர்களை அருவருக்க எனக்கு என்ன யோக்கியதை?

எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் நான் நின்றேன். கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளிவிட்டு, மேசன் செங்கல் அடுக்கிச் சீமெந்து பூசினான். கடைசிக் கல் வைக்குமுன் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மேசன் கல்லை வைத்துவிட்டான்.

போங்கள் அண்ணை. எங்களோடு இருந்தது போதும்.