ஒரு கட்டை தூரம்

எதிரே தனியாக யாராவது வந்தால் சின்னத்தம்பி திரும்பிவிடுவார். செனாயிலிருந்து தெற்கே மூன்று மைல் வந்திருப்பார். சுமையோடு ஒரு சீனக் கிழவர் வடக்கே போவார். இவரும் வந்த வழியே அவரோடு ஒரு மைல் போய், மைல்கல்லருகே கும்பிட்டு விட்டுவிட்டு, மறுபடி தெற்கே நடப்பார். ஜொகூர் பக்கம் மைலுக்குக் கட்டை என்று பேர்.

“தனியா வர்ற ஆளப் பாத்தா காலு தானா திரும்பிருது, கிராணியாரே. ஒரு கட்ட பேசிக்கிட்டே போனா நடக்கிறதே தெரியாதுல்ல?” என்பார். சீனருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சீனம் தெரியாது. பேச்சென்னவோ ஓய்ந்ததில்லை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது தொழில். தோளில் துருத்தி, கக்கத்தில் கறுப்புக் குடை. திங்கட்கிழமை வருகிறேன் என்றால், நான் கிராணியாகக் கணக்கெழுதும் ரப்பர் தோட்டத்துக்குப் புதனன்று வருவார். அதற்குள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வைத்த புளிக்குழம்பு களிம்பேறிக் கசந்திருக்கும். திட்ட வாயெடுப்பவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அடுப்புக்குக் கரி தேடப் போய்விடுவார்கள். எனக்கும் அவரைக் கோபிக்கத் தெரியவில்லை.

அவரோடு நடந்தால் நேரம் கரைந்துவிடும். இருபுறமும் ரப்பர் மரங்கள், தரையோடு தவழும் பனி, எங்கோ ரப்பர் காய் வெடித்து விதை சிதறும் சத்தம். “ஒம்பதாங்கட்டையிலதான் அந்த மலாய்க்காரரு மக கல்யாணத்தச் சொன்னாரு,” என்பார். அவருக்குச் சாலை முழுக்க மனிதர்கள். தூங்கிக்கொண்டே நடக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

வெள்ளத்தில் ரயில் நின்றுபோன வாரம், ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவி செல்லத்துக்குக் காய்ச்சல் முற்றிவிட்டதாகச் சேதி வந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். துருத்தியை வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

மழை விட்டிருந்தது. ஆனாலும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“மழைதான் இல்லையே, அண்ணே?”

“எதுக்க வர்ற ஆளு தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா காலு திரும்பிரும். செல்லம் வாசலையே பாத்துக்கிட்டு கெடப்பா.”

நான்கு பேர் தனித்தனியாக எதிரே வந்து எங்களைக் கடந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டு ஒவ்வொரு முறையும் அவர் கால் தயங்கி, பிறகு வேகமெடுத்தது. குடையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

தம்போய் அருகே ஆறாங்கட்டை; ஜொகூர் பாருவுக்கு இன்னும் ஆறு மைல். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. விறகுக்கட்டோடு எதிரே வந்தாள் முன்பு எங்கள் தோட்டத்தில் புல்வெட்டிய காளியம்மா. குடையை அவளுக்குத் தெரியாதா?

“அண்ணன் எங்க மூஞ்ச மூடிக்கிட்டுப் போவுது?” என்று என்னைக் கேட்டாள். தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் விறகுக்கட்டைச் சாலையோரம் இறக்கினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த பக்கமே திரும்பினாள்.

“நிக்காம நடண்ணே. ஒரு கட்ட நான் வர்றேன்.”

நடையை நிறுத்தாமலே சின்னத்தம்பி குடையை முகத்திலிருந்து விலக்கி, மழையில்லாத அந்தச் சாலையில், அவள் தலைக்கு மேலே பிடித்தார்.